நாற்பத்தோராம் நாள்

என் பிரியத்துக்குரிய அருள் மாமாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டிய செய்திகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தன. ஆனால் போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் இனி என்னால் இருக்க முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் கொழுந்தியா பேராசிரியர் ஆகிவிட்டாள், மாமா. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் எல்லாம் தாண்டி, முழுப் பேராசிரியர். பதவி வந்ததும் ஒரு பேருரை ஆற்றச் சொன்னார்கள். சிதம்பரத்தில், பல்கலைக்கழக அரங்கில், காலை பதினோரு மணிக்கு. எங்கள் துறையில் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். நான் தமிழில் பேசினேன். கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வேன், கிள்ளையிலிருந்து ஒரு வேன், புவனகிரியிலிருந்து ஒரு மினி பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி அவர்கள் முன்னாலேயே அவர்களுக்குப் புரியாத மொழியில் பேசினால் நன்றாகவா இருக்கும்?

லூர்து அக்கா முன்வரிசையில் இருந்தாள். மயில்கழுத்துக் கலர் பட்டுப்புடவை. துணைவேந்தருக்கென்று துண்டு போட்டு வைத்திருந்த நாற்காலியில் நேராகப் போய் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. துணைவேந்தர் சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலிக்குப் போனார். உங்கள் பெண்டாட்டி அதைக் கவனிக்கக்கூட இல்லை.

நான் பேசிய முதல் வாக்கியம் என்ன தெரியுமா? “நாற்பது நாள் குடிக்காமல் இருக்க முடிந்த ஒரு மனிதரால், நாற்பத்தோராம் நாள் ஏன் இருக்க முடியவில்லை?”

அந்த மனிதர் யாரென்று அக்காவுக்கும் முதுநகர் வேனில் வந்தவர்களுக்கும் தெரியும்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் முதுநகர் துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். ஓடுகிற இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவீர்கள். சாயங்காலம் ஆனால் குடிப்பீர்கள். அக்காவை அடித்ததில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் வீட்டில் நீங்கள் இருந்தும் இல்லாமல் இருந்தீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை, சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வருவீர்கள். அன்றிலிருந்து தவக்காலம் முழுக்க ஒரு சொட்டு கிடையாது. அந்த நாற்பது நாளும் உங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும். அக்காவின் கன்னத்தில் சதை போடும். பிள்ளை ஜெனிக்கு நீங்களே கணக்கு சொல்லித் தருவீர்கள்.

பிறகு ஈஸ்டர் வரும்.

நான் எம்.ஏ. இரண்டாம் வருஷம் படித்தபோது வந்த ஈஸ்டரை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அக்கா ஆட்டுக்கறி பிரியாணி செய்து வைத்திருந்தாள். எல்லோரும் உங்களுக்காகக் காத்திருந்தோம். மூன்று மணிக்கு இரண்டு பேர் உங்களைக் கைத்தாங்கலாகக் கொண்டு வந்தார்கள். வாசல்படி தடுக்கி உள்ளே விழுந்தீர்கள். பிரியாணித் தேக்சா கவிழ்ந்தது. அக்கா உட்கார்ந்து தரையிலிருந்த சோற்றை முறத்தில் அள்ளினாள்.

எனக்குத்தான் வாய் அடங்கவில்லை. “நாப்பது நாளு இருந்தீங்களே மாமா, இன்னைக்கு ஒரு நாளு இருக்க முடியலியா? அக்கா ஒரு வேளை உங்களோட உக்காந்து சாப்பிடக் கூடாதா?”

நீங்கள் தரையிலிருந்தே என்னை அண்ணாந்து பார்த்தீர்கள். “தெரியல மெர்சி. சத்தியமா எனக்கே தெரியல.”

சாக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அதன் பிறகு இரண்டு வருஷம் உங்களோடு பேசவில்லை. ஆராய்ச்சியில் சேர்ந்து எத்தனையோ புத்தகங்களைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அன்று நீங்கள் சொன்னதுதான் அந்த விஷயத்தில் நான் கேட்ட மிக நேர்மையான பதில்.

பிஎச்.டி.க்குச் சேர்ந்தபோது என் வழிகாட்டி, நெல் சாகுபடியைப் பற்றி எடுத்தால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றார். நான் குடியைப் பற்றி எடுக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “எகனாமிக்ஸ்ல குடிக்கு என்னம்மா வேலை?”

நியாயமான கேள்விதான். நாங்கள் படித்த பாடத்தில் மனிதன் லாபம், நஷ்டம் இரண்டையும் எடைபோட்டு, தனக்கு எது நல்லதோ அதைத் தேர்ந்தெடுப்பான். அப்படியென்றால் கவிழ்ந்து கிடந்த அந்தப் பிரியாணியா நீங்கள் தேர்ந்தெடுத்தது? அதற்குப் பாடத்தில் பதில் இல்லை. நடத்தைப் பொருளாதாரம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. மனிதர்கள் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டு, உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்கும் படிப்பு. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “சரி, செய். ஆனா ஆளுங்க உங்கிட்ட பேசணுமே?” என்றார்.

பேசவில்லை. மூன்று வாரம் துறைமுகத்தில் நின்றேன். நான் வருவதைப் பார்த்தாலே வலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கடைசியில் டீக்கடை ஓரமாக நின்று அழாத குறையாக இருந்தபோது நீங்கள் வந்தீர்கள். கையெல்லாம் கிரீஸ்.

“என்னா மெர்சி, யாரும் வாய தெறக்க மாட்றாங்களா?”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு நம் முதல் பேச்சு. ஆமாம் என்று தலையாட்டினேன்.

“நீ நோட்ட நீட்டுனா போலீஸ் கேஸுன்னு பயப்புடுறாங்க. நான் கூட வரேன். மொதல்ல என்னையே கேளு. அவுங்க பாக்கட்டும்.”

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். எப்போது குடிக்க முடிவு செய்கிறீர்கள் மாமா?

“நான் எங்கம்மா முடிவு பண்றேன்? இப்ப கேளு, இன்னைக்கு வேணாம்னு சத்தியம் பண்ணுவேன். அது பொய்யில்ல. சாயங்காலம் அஞ்சரைக்கு வேற எவனோ வந்து என் சட்டைய மாட்டிக்கினு போயிடுறான்.”

“தவக்காலத்துல அவன் வர மாட்டானா?”

“வருவான். ஆனா ஊருக்கே தெரியும் நான் நிறுத்தியிருக்கேன்னு. எவனும் கூப்புட மாட்டான். ஐயப்பனுக்கு மாலை போட்டவனையே எடுத்துக்கயேன். அவன் கடைக்குப் போனா கூட்டமே திரும்பிப் பாக்கும். ஈஸ்டர் அன்னைக்கு அந்தக் காவல் போயிடுது. அப்புறம் நான் மட்டுந்தான். நான் ஒருத்தன் போதாது மெர்சி.”

அன்று பாசஞ்சர் ரயிலில் சிதம்பரத்துக்குத் திரும்பும்போது பரங்கிப்பேட்டை எப்போது வந்தது, கிள்ளை எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. மன உறுதி இல்லாதவர்கள் என்று ஊர் சொல்கிற ஆட்கள் ஒவ்வொரு வருஷமும் நாற்பது நாள் உறுதியாக இருக்கிறார்கள். அந்த உறுதி அவர்களுடைய மனதுக்குள் மட்டும் இல்லை. சுற்றி இருக்கிறவர்களிடமும் இருக்கிறது. அதை நாற்பது நாளாக வைக்காமல் ஒரே ஒரு நாளாகச் சிறிதாக்கினால்? தெளிவாக இருக்கும் காலை நேரத்திலேயே அன்றைய சாயங்காலத்தை முடிவு செய்துவிட்டால்?

அப்படித்தான் டீக்கடையில் ஒரு நோட்டு வந்தது. விரும்புகிறவர் காலையில் தன் பெயரை எழுதி, சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கே இருப்பேன் என்று நான்கு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பேர் எழுதிய இடம் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருந்த வாலிபால் மைதானம். நீங்கள் அம்பயர். ஆட்டமும் தெரியாது, சட்டமும் தெரியாது, ஆனால் உங்கள் விசிலுக்கு மறுபேச்சு கிடையாது. முதல் மாதம் முடிவதற்குள் அந்த மைதானத்தில் நிற்க இடமில்லாமல் போனது.

தப்பு செய்தது நான்தான்.

சொன்ன இடத்துக்கு வராமல் குடித்துவிட்டால், அந்த மாதம் முடியும்வரை நோட்டில் பெயர் எழுதக் கூடாது என்று விதி வைத்திருந்தேன். இழப்பு பெரிதாக இருந்தால் வாக்கு கெட்டியாக இருக்கும் என்று படித்திருந்தேன். ஆரம்பத்திலேயே நீங்கள் கேட்டீர்கள்: “பேர அடிச்சுட்டா அவன் எங்க போவான்?” அந்தப் பயம்தான் மாமா அவர்களை நிறுத்தும் என்று பதில் சொன்னேன். எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னேன்!

மூன்றாவது மாதம் உங்கள் அப்பா தவறிப்போனார். சாவு வீட்டில் யார் குடிக்காமல் இருந்தார்கள்? மறுநாள் காலை டீக்கடைக்கு வந்தீர்கள். சவரம் செய்யாத முகம், சிவந்த கண்கள்.

“நேத்து குடிச்சுட்டேன். எழுதிக்க.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா புருஷன் என்பதற்காக விட்டுவிட்டேன் என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்று எனக்கு வீம்பு. உங்கள் பெயரை அடித்தேன்.

“சரி. அடிச்சுட்ட. அதுக்குக் கீழயே இன்னைக்குத் தேதியில என் பேர எழுது.”

“முடியாது மாமா. ரூல்ஸ்.”

“நான் நேத்துதான வுழுந்தேன். இன்னைக்கு என்னா பண்ணேன்?”

நான் நோட்டை மூடிவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீங்களோ சாயங்காலம் மைதானத்துக்கு வந்து, கோட்டுக்கு வெளியே நின்றீர்கள். மறுநாளும் வந்தீர்கள். அதற்கு அடுத்த நாள், என் விதியால் பெயர் அடிக்கப்பட்டு வராமல் போன ஆட்களின் வீட்டுக்கெல்லாம் போய் வரச் சம்மதித்தவர்களைக் கூட்டி வந்து உங்கள் பக்கத்தில் நிறுத்தினீர்கள். ஆராய்ச்சியையே கெடுத்துவிட்டீர்கள் என்று உங்களிடம் கத்தினேன். நினைவிருக்கிறதா? நீங்கள் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

சார் என் நோட்டுகளைப் பார்த்துவிட்டு, முதுநகர் விவரங்களை ஒதுக்கிவிட்டு வேறு ஊரில் புதிதாக ஆரம்பிக்கச் சொன்னார். ஒதுக்குவதற்காகத்தான் கடைசியாக ஒரு முறை புரட்டினேன். அங்கேதான் கண்ணில் பட்டது. பெயர் அடிக்கப்பட்டவர்கள் மாத முடிவில் அனுமதி இருந்தும் திரும்பி வரவேயில்லை. ஒரு நாள் குடித்தவர்களை என் விதி மாதம் முழுக்கக் குடிக்க வைத்திருந்தது. நீங்கள் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியவர்கள் மட்டும்தான் மறுபடியும் நிமிர்ந்திருந்தார்கள். ஈஸ்டரும் அதேதான் மாமா! நாற்பத்தோராம் நாள் எங்கே இருப்பேன் என்று நீங்கள் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. முடிந்துபோன சபதத்தில், மறுபடி தொடங்க ஒரு மறுநாள் காலை கிடையாது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். கிள்ளையில் பழைய விதி, புவனகிரியில் உங்கள் விதி: விழுந்தவர் மறுநாள் காலையே வந்து எழுதலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். என் பிஎச்.டி. இரண்டு வருஷம் தள்ளிப்போனது. கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நான் ரயிலிலும் டவுன் பஸ்ஸிலும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன்.

புவனகிரி ஜெயித்தது. நம்பரெல்லாம் உங்களுக்கு வேண்டாம், கேட்டால் கொட்டாவி விடுவீர்கள். பார்த்த மாத்திரத்தில் தெரிகிற வித்தியாசம் அது. சார் தாளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். கிள்ளையிலும் அன்றே விதியை மாற்றினோம். அங்கே பெயர் அடிக்கப்பட்டு வீட்டில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடப் போனது யார்? லீவு போட்டுவிட்டு நீங்கள்தான்.

ஆய்வேட்டில் உங்கள் கதையை எழுதலாமா என்று எனக்குத் தயக்கம். பெயர் வராது என்றாலும், துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீங்கள், “நான் வுழுந்தத வுட்டுட்டா அப்புறம் அதுல என்னா இருக்கு?” என்றீர்கள். அக்காவிடம் போனேன். அவள் மீனை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “எழுது. ஊருக்கே தெரிஞ்சது உன் புக்குக்கு மட்டும் தெரியாம இருக்கணுமா?”

அதற்கப்புறம் நேராக மேலே ஏறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வேலைக்கு நேர்காணல் போன ஓர் இடத்தில் ஒருவர், “இது சோஷியல் ஒர்க்தானே, இதுல எகனாமிக்ஸ் எங்க இருக்கு?” என்று கேட்டார். ஒரு மனிதன் காலையில் தனக்கு வேண்டும் என்று சொல்வதை மாலையில் அவனாலேயே எட்ட முடியவில்லை என்றால், அதைவிடப் பெரிய பொருளாதாரக் கேள்வி என்ன இருக்கிறது சார் என்று கேட்டேன். வேலை கிடைக்கவில்லை. வெளியே வந்து உங்களுக்குத்தான் போன் செய்தேன். “கேட்டியா? அப்ப அவன்தான் ஃபெயில்” என்றீர்கள். நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன். அடுத்த வருஷம் கடலூரிலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். பிறகு சிதம்பரம்.

நீங்களும் நேராக ஏறவில்லை. அப்பா சாவுக்குப் பிறகு மூன்று முறை விழுந்தீர்கள். மூன்று முறையும் மறுநாள் காலை நோட்டுக்கு வந்தீர்கள். அதன்பின் எட்டு வருஷம், ஒரு நாள்கூட இல்லை. ஜெனி கல்யாணத்தில் பந்தியில் ஒவ்வொரு இலையாகக் குனிந்து “இன்னும் கொஞ்சம் பிரியாணி வைக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே போனீர்களே, அக்கா ஒரு தூண் ஓரமாக நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்து இலையில் நீங்கள் உட்கார்ந்தீர்கள்.

கல்லீரல் மட்டும் பழையதை மறக்கவில்லை. மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டபோது, நீங்கள் வருஷம், மாதம், தேதியோடு சொன்னீர்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். உடம்பெல்லாம் மஞ்சளாக இருந்தும் அன்று உங்கள் முகத்தில் இருந்த பெருமை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கொஞ்ச காலம் முன்னாலேயே நான் அந்த நாற்பத்தோராம் நாள் கேள்வியைப் பிடித்திருந்தால் உங்கள் கல்லீரல் தப்பித்திருக்குமா? இதற்கு மட்டும் எனக்கு விடை தெரியாது.

இப்போது நல்ல செய்திகள். நீங்கள் போன மூன்றாவது மாதம் நம் கட்டுரை பெரிய இதழில் வந்தது, நான்கு முறை திருப்பி அனுப்பப்பட்ட பிறகு. மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில், குடிநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் இப்போது ஒரு நோட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்தும் கேட்டு வந்தார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு விதிதான் அச்சடித்திருக்கிறது: “நேற்று விழுந்திருந்தாலும் இன்று எழுதலாம்.”

வெள்ளிக்கிழமை உரை முடிந்ததும் கேள்வி கேட்கச் சொன்னார்கள். புவனகிரி மினி பஸ்ஸில் வந்த ஓர் அம்மா எழுந்து மைக்கை வாங்கினார். “எனக்குக் கேள்வி இல்லம்மா. எங்க வூட்டுக்காரரு நோட்டுல ஆறு தடவ அடிச்சு அடிச்சு எழுதியிருக்காரு. இன்னைக்குக் காலையிலயும் எழுதிட்டுத்தான் பஸ் ஏறுனாரு. எல்லாரும் பாக்கட்டும்னு சொல்றேன்.” பக்கத்தில் இருந்தவர் வெட்கப்பட்டு எழுந்து நின்றார். கைதட்டல் நிற்கவே இல்லை, மாமா. துணைவேந்தர் எழுந்து தட்டினார். சார், ஓய்வு பெற்று ஊன்றுகோலோடு வந்திருந்தவர், அதைக் கீழே போட்டுவிட்டுத் தட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்:

“ஹார்பர்ல இருக்கறவங்கள எல்லாம் கேட்ட. உங்க மாமாவ எத்தினி தடவ கேட்ட. என்னைய ஒரு நாளாவது கேட்டியா, மெர்சி?”

இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அவளும் தினம் காலையில் எழுந்து, இந்த வீட்டில் இன்றும் இருப்பதா என்று ஒரு முடிவு எடுத்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்? எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. என்னுடையதிலும் இல்லை.

“கேக்கட்டுமாக்கா?” என்றேன்.

“கேளு. நெறைய இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் கண்டதே இல்லை.

அதனால் மாமா, என் அடுத்த ஆராய்ச்சி ஆரம்பித்துவிட்டது. குடிக்கிறவர்களோடு வாழ்கிற பெண்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது பற்றி. வரும் திங்கட்கிழமை முதல் ஆளாக அக்காவை உட்காரவைத்துக் கேட்கப் போகிறேன். உங்களைப் பற்றி அவள் நல்லதும் சொல்வாள், மற்றதும் சொல்வாள். ஒரு வரி விடாமல் எழுதுவேன். உங்களுக்குச் சாதகமாக ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டியின் தங்கச்சி, உங்கள் கொழுந்தியா
மெர்சி